சேப்பாக்கத்தில் மேட்ச், வேலை நாள் சாயங்காலம், கூட அப்பாவும் மகளும்: ரயிலில் போய்வர வழி சொல்லுங்கள்

குரோம்பேட்டைக்காரன் (திங்கள், இரவு 9:10)

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த செவ்வாய்க்கிழமை சேப்பாக்கத்தில் இரவு 7:30 மேட்ச். மூன்று டிக்கெட் கிடைத்திருக்கிறது. நான், அப்பா, என் மகள். அப்பாவுக்கு 68 வயது. நடப்பார், ஆனால் முழங்கால் வலி. இருபது படி ஏறினால் ஒரு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டும். எஸ்கலேட்டர் என்றால் பயம், கால் வைக்கவே மாட்டார். மகளுக்கு 9 வயது, ஸ்டேடியத்துக்கு முதல் தடவையாக வருகிறாள்.

கார் எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். போன தடவை நண்பர்களோடு காரில் போய், வாலாஜா சாலையைச் சுற்றி இடம் தேடியதிலேயே ஆறு ஓவர் போய்விட்டது. ரயில்தான். ஆனால் போகிற நேரம் ஆபீஸ் விடுகிற நேரம், திரும்புகிற நேரம் முப்பதாயிரம் பேர் ஒன்றாக வெளியே வருகிற நேரம். தனியாக இருந்தால் எப்படியாவது ஏறிவிடுவேன். இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு எப்படி என்றுதான் கேட்கிறேன்.

எலெக்ட்ரிக் ட்ரெயினா, பறக்கும் ரயிலா, மெட்ரோவா?

பறக்கும் ரயில் நேசன் (திங்கள், இரவு 9:34)

பறக்கும் ரயில்தான் சார், யோசிக்கவே வேண்டாம். 1995-ல் முதலில் திறந்ததே கடற்கரை – சேப்பாக்கம் பகுதிதான். ஸ்டேஷனை விட்டு இறங்கினால் ஸ்டேடியத்தின் சுவர். வேறு எந்த ரயிலும் உங்களை இவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்து விடாது.

குரோம்பேட்டையில் ஏறி கோட்டையில் இறங்கி, அங்கேயே வேளச்சேரி வண்டிக்கு மாறுங்கள். கோட்டை, பூங்கா நகர், சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம். அவ்வளவுதான். இன்னொரு விஷயம், சாயங்காலக் கூட்டம் கடற்கரையில் இருந்து தாம்பரம் பக்கம் போவது. நீங்கள் எதிர்த்திசையில் வருகிறீர்கள். நாலரை மணிக்கு ஏறினால் உட்கார்ந்தே வரலாம். டிக்கெட்டும் மலிவு.

கிண்டி தினப்பயணி (திங்கள், இரவு 10:02)

மேலே சொன்னவர் போகிற வழியைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். திரும்புகிற வழியை விட்டுவிட்டார். மேட்ச் பதினொன்றரை வாக்கில் முடியும். அந்த நேரத்துக்கு மேல் பறக்கும் ரயிலை நம்பிப் போகாதீர்கள், அன்றைக்குச் சிறப்பு வண்டி அறிவித்திருந்தால் தவிர. அதைவிட முக்கியம், அந்த நிலையங்கள் எல்லாம் உயரத்தில் இருக்கின்றன. படி, படி, படி. முழங்கால் வலியோடு ஒரு பெரியவர், பின்னால் ஆயிரம் பேர் அவசரத்தில். வேண்டாம் அண்ணா.

மெட்ரோவில் போங்கள். ஆனால் கிண்டியில் மாறாதீர்கள். சபர்பன் பிளாட்பாரத்தில் இருந்து மெட்ரோவுக்கு வருவதற்குள் அப்பா களைத்துவிடுவார். நான் தினமும் மாறுகிறேன், அதனால் சொல்கிறேன். வீட்டில் இருந்து நேராக ஆட்டோ பிடித்து விமான நிலைய மெட்ரோவுக்குப் போய்விடுங்கள். நீல வழித்தடத்தின் தெற்குக் கோடி அது. வண்டி அங்கிருந்துதான் கிளம்பும், மூன்று பேருக்கும் உட்கார இடம் கிடைக்கும். வண்டி மாறாமல் அரசினர் தோட்டம். லிஃப்ட் இரண்டு பக்கமும் உண்டு. அங்கிருந்து வாலாஜா சாலையில் கிழக்கே பார்த்து நடந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அப்பா நடைக்கு இருபது நிமிடம் வையுங்கள்.

நேரம்தான் முக்கியம். ஐந்து மணிக்குள் ஏறிவிடுங்கள். ஐந்தே முக்காலுக்கு மேல் கிண்டியில் நாங்கள் ஏறுவோம். நந்தனம், தேனாம்பேட்டை, ஏஜி–டிஎம்எஸ் என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஆபீஸ் கூட்டம் ஏறும். அதோடு மஞ்சள் ஜெர்சிக் கூட்டமும் சேர்ந்தால் கதவுப் பக்கம் திரும்பவே முடியாது.

இவ்வளவு சொன்னதால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மேட்ச் பார்க்க வருகிறவர்களுக்கு அது வருடத்தில் ஒரு நாள். எங்களுக்கு அது வீட்டுக்குப் போகிற வண்டி. போன சீசனில் ஒரு நாள் இரண்டு வண்டியை விட்டு மூன்றாவதில் ஏறினேன். மகளிர் பெட்டிக்குள் பத்துப் பதினைந்து பையன்கள் கொடியோடு நின்றார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அது எந்தப் பெட்டி என்றே பார்க்கவில்லை, பார்த்ததும் பாதிப் பேர் வெட்கப்பட்டு நகர்ந்தார்கள். ஏறும் முன் மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள், முதுகுப் பையைக் கழற்றி முன்னால் மாட்டுங்கள், இறங்குகிறவருக்கு வழி விட்டுவிட்டு ஏறுங்கள். இதைத்தான் கேட்கிறோம்.

நான்காவது ஸ்டாண்டு (திங்கள், இரவு 10:20)

கடைசி இரண்டு ஓவரை விட்டுவிட்டுக் கிளம்பினால் எந்தப் பிரச்சினையும் இல்லை.

குரோம்பேட்டைக்காரன் (திங்கள், இரவு 10:41)

@கிண்டி தினப்பயணி, விமான நிலையத்தில் ஏறுவது எனக்குத் தோன்றவே இல்லை. ரொம்ப நன்றி அக்கா. மகளிர் பெட்டி விஷயத்தை மகளிடமும் சொல்லிவைக்கிறேன்.

@நான்காவது ஸ்டாண்டு, கடைசி இரண்டு ஓவரை விட்டு வர அப்பா சம்மதிக்க மாட்டார். அவர் 1986-ல் இங்கே இந்தியா – ஆஸ்திரேலியா ஆடி, இரண்டு அணியும் ஒரே ரன்னில் முடித்த டை டெஸ்டின் கடைசி நாளை நேரில் பார்த்தவர். கடைசி விக்கெட் விழும் வரை யாராவது எழுந்தால் இன்றைக்கும் கோபம் வரும்.

வேளச்சேரி குடும்பஸ்தன் (திங்கள், இரவு 11:15)

நான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த நாள் 2024 அக்டோபர் 6. விமானப் படையின் மெரினா சாகச நிகழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை, பகல் 11 முதல் 1 வரை. நானும் மனைவியும் ஆறு வயதுப் பையனும் போனோம்.

அந்தச் சமயத்தில் பறக்கும் ரயில் கடற்கரை வரை ஓடவில்லை. எழும்பூர் – கடற்கரை நான்காவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டில் இருந்து சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுகொண்டிருந்தது. 2024 அக்டோபர் கடைசியில்தான் மறுபடி முழுதாக ஓடியது. ஞாயிறு என்பதால் வேலை நாளைவிட வண்டியும் குறைவு. போகும்போது இதெல்லாம் யோசிக்கவில்லை. காலையில் மக்கள் எட்டு, ஒன்பது, பத்து என்று பிரிந்து பிரிந்து வந்தார்கள். ஒரு மணிக்கு எல்லோரும் ஒரே நிமிடத்தில் திரும்பினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. அன்று ஐந்து பேர் இறந்ததை எல்லோரும் செய்தியில் படித்திருப்பீர்கள்.

நிலையத்தின் பெயர் வேண்டாம். மாடிப்படியில் பாதி ஏறிவிட்டோம். மேலே பிளாட்பாரம் நிரம்பிவிட்டது, முன்னால் இருப்பவர்கள் நகரவில்லை. கீழே இருப்பவர்களுக்கு அது தெரியாது, அவர்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். என் கால் எந்தப் படியில் இருக்கிறது என்று குனிந்து பார்க்க முடியவில்லை. மனைவியின் துப்பட்டா யாருடைய பை ஜிப்பிலோ மாட்டிக்கொண்டது. பையன் என் இடுப்பளவில் இருந்தான், அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் கூடை வைத்திருந்த ஒரு அம்மா, "புள்ளையத் தூக்குய்யா, புள்ளையத் தூக்கு" என்று கத்தினார். கையைக் கீழே இறக்க இடம் இல்லை. அந்த அம்மாவே தன் கூடையை விட்டுவிட்டு அவன் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்தார். நான் தோளில் ஏற்றிக்கொண்டேன்.

பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ, பிறகு கூட்டம் தானாகத் தளர்ந்தது. இறங்கும்போது பார்த்தால் படி முழுக்க செருப்பு. ஜோடியாக ஒன்றுகூட இல்லை. அந்த அம்மாவின் கூடையில் இருந்த கொய்யாப்பழம் நசுங்கிக் கிடந்தது. அவரைத் தேடினேன், கிடைக்கவில்லை.

அப்புறம் நாங்கள் ரயில் ஏறவே இல்லை. மயிலாப்பூர் வரை நிழல் பார்த்து நடந்து, சாப்பிட்டு, ஒரு கோயில் மண்டபத்தில் பையனைத் தூங்கவைத்து, ஐந்து மணிக்குமேல் திருமயிலையில் ஏறினோம். வண்டியில் உட்கார இடம் இருந்தது. நான்கு மணி நேரம் முன்னால் உயிர் போகிற அவசரமாகத் தெரிந்தது அதே வண்டிதான்.

அதனால் @குரோம்பேட்டைக்காரன், எந்த ரயில் என்பது இரண்டாவது கேள்வி. மேட்ச் முடிந்த முதல் முக்கால் மணி நேரத்தில் எந்த நிலையத்தின் படியிலும் நிற்காதீர்கள். அதுதான் முதல் விஷயம்.

பெங்களூர்த் தமிழன் (செவ்வாய், காலை 7:05)

மேலே உள்ளதைப் படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது.

2025 ஜூன் 4 நான் இங்கே இருந்தேன். சின்னசாமி ஸ்டேடியம் வெளியே பதினொரு பேர் இறந்த நாள். மெட்ரோ பயணிகள் எண்ணிக்கை அன்று ஒரே நாளில் 9 லட்சத்தைத் தாண்டியது. கப்பன் பார்க், விதான சௌதா இரண்டு நிலையங்களிலும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினார்கள். அப்போது வண்டிக்குள் இருந்தவர்கள் பலர் சத்தம் போட்டார்கள், நானும்தான். எங்கள் நிலையத்தில் ஏன் நிற்கவில்லை என்று கோபம். வெளியே என்ன நடக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. நிற்காமல் போனது எங்களுக்கு நல்லது.

சேப்பாக்கத்திலும் அப்படி ஒரு நிலையத்தை மூடிவிட்டால் அடுத்தது எது, அங்கிருந்து எப்படி நடப்பது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். கூட்டத்துக்கு நடுவில் நின்று போனில் வரைபடம் பார்ப்பது நடக்காது, நெட்வொர்க்கும் கிடைக்காது.

ரயில்வே ஓய்வு (செவ்வாய், காலை 8:30)

முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் இருந்தவன். "கூட்டம் இருக்கிறதே, வண்டியைக் கூட்டிவிட வேண்டியதுதானே" என்று எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதனால் பதில் சொல்கிறேன்.

மெட்ரோவில் நான்கு பெட்டி. நெருக்கி நின்றால் ஒரு வண்டியில் சுமார் 1,270 பேர். சேப்பாக்கத்தில் ஏறக்குறைய 38,000 பேர் உட்காரலாம். அதில் நான்கில் ஒருவர் அரசினர் தோட்டத்துக்கு வந்தாலே கிட்டத்தட்ட 9,500 பேர். இரண்டு திசையிலும் பாதிப் பாதியாகப் பிரிந்தாலும் ஒரு பக்கத்துக்கு நான்கு வண்டி நிறைய ஆள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி, காலியாகவே வருகிறது என்று வைத்தாலும் இருபது நிமிடம். காலியாக வராது, எல்லோரும் ஒழுங்காக ஏறவும் மாட்டார்கள். அதனால்தான் முக்கால் மணி என்று வேளச்சேரி நண்பர் சொன்னது சரியான கணக்கு.

இப்போது கதவு. வண்டி ஒரு நிலையத்தில் அரை நிமிடம் போல நிற்கும். ஒருவர் காலை நீட்டிக் கதவைத் தடுத்தால் அது மறுபடி திறந்து மூட வேண்டும். ஒரு நிலையத்துக்கு இருபது விநாடி என்று வைத்தாலும் எட்டு நிலையத்தில் இரண்டரை நிமிடத்துக்கு மேல் போய்விடும். பின்னால் வருகிற வண்டி அதற்குள் நெருங்கிவிடும், சிக்னல் அதைச் சுரங்கத்திலேயே நிறுத்தும். முன்னால் போகிற வண்டி தாமதமாகப் போவதால் அடுத்த நிலையத்தில் கூட்டம் இன்னும் சேரும், இன்னும் தாமதமாகும். ஓடிவருகிற ஒரு நண்பனுக்காகக் கதவைப் பிடிப்பது பின்னால் நாலாயிரம் பேரை நிறுத்துகிறது. பணியில் இருந்தபோது இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

ஒரு உபயோகமான விஷயம். நடைமேடையின் நீளம் ஆறு பெட்டிக்கு, வண்டி நான்கு பெட்டி. எஸ்கலேட்டர் இறங்குகிற இடத்திலேயே எல்லோரும் குவிவார்கள். நீங்கள் இறங்கியதும் வண்டி நிற்கிற கடைசிக் கதவு எது என்று பார்த்து அங்கே நடந்து போய் நில்லுங்கள். அந்தப் பக்கம் பாதிக் கூட்டம்கூட இருக்காது.

எலெக்ட்ரிக் ட்ரெயினில் வருகிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. படியில் தொங்காதீர்கள். 2018 ஜூலை 24 காலை, மின்கம்பி அறுந்து வண்டிகள் தாமதமாகி, கூட்டம் தாங்காமல் படியில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். வழக்கமாக அந்தப் பாதையில் போகாத வண்டியை விரைவுப் பாதையில் விட்டார்கள். பரங்கிமலையில் பிளாட்பாரத்தை ஒட்டிய கான்கிரீட் சுவர் அவர்களுக்குத் தெரியாது. அதில் மோதி விழுந்து சிலர் இறந்தார்கள். தினமும் போகிற பாதை என்று நம்பித் தொங்கியவர்கள் அவர்கள். கூட்ட நாளில் வண்டி எந்தப் பாதையில் போகும் என்பது உங்கள் கையில் இல்லை.

வடசென்னை வாசி (செவ்வாய், காலை 9:12)

ஐயா சொன்னதோடு எங்கள் ஏரியா வழக்கம் ஒன்று. மேட்ச் முடிந்து தெற்கே போகிற வண்டி அரசினர் தோட்டத்துக்கு வரும்போதே சென்ட்ரலில் பாதி நிரம்பிவிடும். அதனால் முதலில் வடக்கே போகிற வண்டியில் ஏறி ஒரே ஒரு நிலையம், சென்ட்ரலில் இறங்குங்கள். அங்கே இருந்து விமான நிலைய வண்டியில் ஏறினால் இடம் கிடைக்கும். ஐந்து நிமிடம் பின்னால் போய் அரை மணி நேரம் நிற்பது மிச்சம்.

எல்ஐசி வரை நடந்து ஏறலாம் என்று சிலர் சொல்வார்கள். தெற்கே போகிறவர்களுக்கு அதில் பலன் இல்லை. அரசினர் தோட்டத்தில் நிரம்பின வண்டிதான் எல்ஐசிக்கு வரும்.

கிண்டி தினப்பயணி (செவ்வாய், காலை 9:40)

அது நல்ல யோசனைதான், ஆனால் ஒரே டிக்கெட்டில் அப்படிச் சுற்றாதீர்கள். சென்ட்ரலில் வெளியே வந்து புது டிக்கெட் எடுத்து உள்ளே போங்கள். டிக்கெட்டை ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருக்கும்போதே வாட்ஸ்அப்பில் எடுத்து வைத்துவிடலாம், இல்லையென்றால் சிங்காரச் சென்னை அட்டையில் பணம் போட்டு வையுங்கள். கீழே போன பிறகு சிக்னல் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். சில சீசன்களில் மேட்ச் டிக்கெட்டைக் காட்டினாலே மெட்ரோவில் போய்வர விட்டார்கள், கடைசி வண்டியையும் இரவு ஒரு மணி வரை நீட்டினார்கள். இந்தத் தடவை உண்டா என்று அன்று காலை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். அது இல்லையென்றால் மொத்தத் திட்டமும் மாறும்.

பறக்கும் ரயில் நேசன் (செவ்வாய், காலை 10:15)

பெரியவர் முழங்கால் வலியை நான் சரியாக மனதில் வாங்கவில்லை, மன்னிக்கவும். தனியாகப் போகிறவர்களுக்கு நான் சொன்ன வழி இன்னும் சரிதான். அவருக்கு மெட்ரோதான்.

வேளச்சேரி குடும்பஸ்தன் (செவ்வாய், காலை 11:02)

குழந்தை விஷயம் ஒன்று சொல்ல மறந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு போனால் போதும் என்று நினைத்திருந்தேன். கூட்டம் இறுகினால் முதலில் பிரிவது கைதான். நடுவில் யாராவது வந்துவிடுவார்கள். மகளை உங்களுக்கு முன்னால் நடக்கவிடுங்கள், அவள் இரண்டு தோளிலும் உங்கள் கை. அவள் மணிக்கட்டில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதுங்கள், வியர்வையில் அழியாமல் மேலே ஒட்டுபிளாஸ்திரி போடுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்கு இடம் காட்டிவையுங்கள். "போலீஸ் மாமா பக்கத்தில்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. இந்தக் கடை, இந்தக் கம்பம் என்று கையைக் காட்டிச் சொல்லுங்கள்.

நெரிசலில் மாட்டினால் இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் மடித்து மூச்சுவிட இடம் வைத்துக்கொள்ளுங்கள். செருப்பு போனால் போகட்டும், போன் விழுந்தால் விழட்டும், குனியாதீர்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள். கூட்டம் ஒரு அலை மாதிரி முன்னால் போய் நிற்கும், அது நிற்கிற நேரத்தில் குறுக்காக ஓரத்துக்கு வாருங்கள். ஆனால் சுவரோடு ஒட்டிவிடாதீர்கள்.

குரோம்பேட்டைக்காரன் (செவ்வாய், மதியம் 1:20)

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவிட்டேன். ஐந்து மணிக்கு விமான நிலைய மெட்ரோ. திரும்பும்போது முக்கால் மணி எங்கேயாவது உட்கார்ந்துவிட்டு சென்ட்ரல் வழியாக. நள்ளிரவுக்கு மேல் மச்சான் விமான நிலையத்துக்குக் கார் கொண்டு வருகிறான். போய்வந்து எழுதுகிறேன்.

குரோம்பேட்டைக்காரன் (அடுத்த வாரம் வியாழன், இரவு 9:00)

போய்வந்துவிட்டோம். மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். உதவி செய்தவர்களுக்காக முழுதாக எழுதுகிறேன்.

போகும்போது 4:50 வண்டி. காலியாக இருந்தது. மகள் ஜன்னல் பக்கம், அப்பா முதியோர் இருக்கையில். கிண்டியில் ஏறின கூட்டத்தைப் பார்த்து அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பெண் சொன்னது சரிடா" என்றார். (அக்கா, உங்களைத்தான்.) அரசினர் தோட்டத்தில் லிஃப்ட். வாலாஜா சாலையில் நிதானமாக நடந்து ஆறு மணிக்கெல்லாம் உள்ளே உட்கார்ந்துவிட்டோம்.

மேட்ச் 11:25-க்கு முடிந்தது. கடைசிப் பந்து வரை இருந்தோம். கேலரியில் இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தோம், பிறகு காவலர்கள் மெதுவாகக் காலி செய்யச் சொன்னார்கள். வெளியே வந்தால் சாலை முழுக்கத் தலை. நாங்கள் அதில் சேரவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு காம்பவுண்டு சுவரின் அடித்திட்டில் உட்கார்ந்தோம். சைக்கிளில் டீ கேன் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். இரண்டு டீ, மகளுக்கு ஒரு பால். அவள் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பர் அப்படியே இருந்தது.

அந்தத் திட்டில் உட்கார்ந்துதான் அப்பா 86-ஐப் பற்றிச் சொன்னார். அப்போது சேப்பாக்கத்துக்கு ரயிலே கிடையாது. மீட்டர்கேஜ் யூனிட் வண்டியில் குரோம்பேட்டையில் ஏறி பூங்காவில் இறங்கி, சிந்தாதிரிப்பேட்டை வழியாக நடந்தே வந்திருக்கிறார். அன்று டை ஆனதும் யாருக்கும் வீட்டுக்குப் போகத் தோன்றவில்லையாம். திரும்பும்போது வண்டியில் நின்றுகொண்டிருந்த முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கடைசி ஓவரை ஒருவருக்கொருவர் கையால் நடித்துக் காட்டிக்கொண்டே வந்தார்களாம். இந்தக் கதையில் ரயில் பகுதியை அவர் இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

12:20-க்கு நிலையம் போனோம். வாசலில் கயிறு கட்டி ஐம்பது ஐம்பது பேராக உள்ளே விட்டார்கள். எங்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அரை மணிக்கு முன்னால் வரிசை சாலை வரை நின்றதாகக் கயிறு பிடித்திருந்த காவலர் சொன்னார். வடக்கே ஒரு நிலையம், சென்ட்ரல், வெளியே வந்து புது டிக்கெட். விமான நிலைய வண்டியில் மூவருக்கும் இடம் கிடைத்தது. அரசினர் தோட்டத்தில் ஏறியவர்களுக்கு நிற்கத்தான் இடம். மகள் எழுந்து ஒரு அம்மாவுக்கு இடம் கொடுத்துவிட்டு என் மடியில் உட்கார்ந்தாள்.

ஒன்று மட்டும் திட்டப்படி நடக்கவில்லை. சென்ட்ரலில் லிஃப்டுக்கு முன்னால் பெரிய வரிசை. வீல்சேரில் இரண்டு பேர், ஊன்றுகோலோடு ஒருவர், அப்புறம் நல்ல திடமான ஆட்கள் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். லிஃப்டைத் தேவைப்படுகிறவர்களுக்கு விடுங்கள்.

கிண்டி தினப்பயணி (வியாழன், இரவு 9:25)

படித்துக் கண் கலங்கிவிட்டது. அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். அந்த வரிசையில் எவ்வளவு நேரம் நின்றார்?

குரோம்பேட்டைக்காரன் (வியாழன், இரவு 9:31)

நிற்கவில்லை அக்கா. மகள் அவர் கையைப் பிடித்து எஸ்கலேட்டர் பக்கம் கூட்டிப்போனாள். "தாத்தா, மஞ்சள் கோட்டுக்குள்ள கால வை, கம்பியப் பிடி, நான் ஒன் டூ த்ரீ சொல்றேன்" என்றாள். நான் பின்னால் ஒரு படி கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். மூன்று என்று சொல்வதற்குள் அவர் ஏறிவிட்டார்.